உப்பு ஜாடியில் கிடந்த தோடு

என் மனைவிக்கு ஞாபகம் குலைந்துகொண்டிருக்கிறது என்பதை எங்கள் தெருவில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான். இருபத்தெட்டு வருஷம் அவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன். அவளுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்திருந்தது. ஜெபமாலை சொல்ல வரும் பெண்களுக்குக்கூட அரசல்புரசலாகத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. தெரியாமல் நான் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளைப் பிரிவு மேஸ்திரி. கரண்ட் கம்பத்துக்குப் போடும் பீங்கான் குமிழ்களும் பியூஸ் கட்டைகளும் செய்கிற இடம். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். சைக்கிள் மிதித்து இரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரே மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் நானும் அவளும்தான். அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். அளவெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பாளே தவிர, தைக்கும்போது ஒரு நாளும் சீட்டைப் பார்த்ததில்லை. ஆளை ஒரு முறை பார்த்தால் போதும் அவளுக்கு.

பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டை. புருஷன் சவுதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வாடகைக்கு வந்தவள், பதினோரு வருஷமாக எங்களுக்கு அடுத்த வீடு. என் மனைவியை அக்கா என்பாள், என்னை அண்ணே என்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். நோன்புக் கஞ்சி அந்தப் பக்கத்திலிருந்து வரும், கிறிஸ்துமஸ் முறுக்கு இந்தப் பக்கத்திலிருந்து போகும். எந்தக் கிண்ணம் யார் வீட்டுடையது என்று இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

முதலில் நடந்தது என்று நான் இப்போது நினைப்பது இதைத்தான். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, கை கழுவி, பெஞ்சில் காலை நீட்டியிருந்தேன். அவள் வந்து நின்றாள்.

"எழுந்து வாங்க, சோறு போடுறேன்."

"இப்பதான சாப்ட்டேன்?"

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "தெரியும், சும்மா கேட்டேன்."

அந்தச் சிரிப்பில் நான் ஏமாந்தேன். அதற்குப் பிறகு பல நாள் அதே சிரிப்பைப் பார்த்தேன். குழம்பில் இரண்டு முறை உப்பு விழுந்தபோது. கத்தரிக்கோல் என்ற சொல் வாயில் வராமல், "அந்த இது, துணி வெட்டுறது, அத எடுங்க" என்று சொன்னபோது. தெரிந்த ஜாக்கெட் அளவுக்கு எழுந்துபோய்ச் சீட்டைத் தேடியபோது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். மாதவிலக்கு நிற்கிற வயதில் பெண்களுக்கு இப்படியெல்லாம் வரும் என்று கம்பெனியில் ஒருவர் சொன்னார். அதையும் நம்பினேன்.

நான் கோபக்காரன். ஒரு மத்தியானம் வீட்டுக்குள் நுழையும்போதே தீய்ந்த நாற்றம். மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்திலேயே மிஷினில் உட்கார்ந்திருந்தாள். "உன் புத்தி எங்க போச்சு?" என்று கத்தினேன். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி. அவள் பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கப் போனாள். அந்தக் கேள்வியை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன். கேட்ட விதம்தான் அப்படி.

அக்டோபர் மாதம் எங்கள் கோயில் பங்கில் வீடு வீடாக ஜெபமாலை சொல்லுவார்கள். சாயங்காலம் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுவார்கள். இருபது வருஷமாக அதை முன்னின்று சொல்கிறவள் என் மனைவிதான். அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்தபோது நான் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி; மூன்றாவது பத்துமணி முடிந்தது. நான்காவதைத் தொடங்க வேண்டியவள் மறுபடியும் இரண்டாவதைத் தொடங்கினாள். பெண்கள் பதில் ஜெபம் சொன்னார்கள். அது முடிந்து, மூன்றாவது முடிந்து, மீண்டும் இரண்டாவது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் வயதான ஒரு அம்மா நகர்ந்து வந்து, அவள் கையோடு சேர்த்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்றேம்மா, உனக்குத் தொண்ட கட்டியிருக்குது" என்றார். அவளுக்குத் தொண்டை கட்டவில்லை. எல்லாரும் போன பிறகு நான் அவளிடம் கேட்டது என்ன தெரியுமா? "மிளகு ரசம் வெச்சுக் குடிக்கிறியா?"

பொங்கல் விடுமுறைக்கு மகள் வருவதாகக் கடிதம் போட்டிருந்தாள். அதற்குப் பத்து நாள் முன்னால் தோடு காணாமல் போனது. என் மனைவிக்கு அவள் அம்மா கொடுத்த சிவப்புக்கல் தோடு. பீரோவைக் கவிழ்த்துத் தேடினோம். கிடைக்கவில்லை. சாயங்காலம் அவள் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவதான் எடுத்திருக்கணும்."

"யாரு?"

மதில் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"பேசாத. என்னா பேச்சு இது?"

"நேத்து உள்ள வந்தவ அவ ஒருத்திதான். பீரோ தொறந்து கெடந்துச்சு. நான் பாத்தேன்."

மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாளும். சொல்லச் சொல்ல விவரம் கூடிக்கொண்டே போனது. முந்தானையில் முடிந்து எடுத்துப் போனாளாம். திரும்பிப் பார்த்துச் சிரித்தாளாம். என் மனைவி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. நான்காம் நாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையை மாற்றாமல் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்று எழுந்தாள். நான் சுற்றிவளைத்தேன். தோடு காணவில்லை என்றேன். பழைய தோடு, அவள் அம்மாவுடையது என்றேன். பிறகு சொன்னேன்: "பிள்ளைங்க யாராச்சும் வெளையாட்டுக்கு எடுத்திருந்தாலோ, நீ பத்திரமா எடுத்து வெச்சிருந்தாலோ சொல்லிடும்மா. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

அவள் கையில் இருந்த கீரைத்தண்டு அப்படியே நின்றது. முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தேன். எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். வாயை மூடிக்கொண்டாள்.

"நான் எடுக்கலண்ணே."

"நான் அப்பிடிச் சொல்லல..."

"எடுக்கல. வேற சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க."

அடுத்த வாரமே மதிலின் மேல் தென்னங்கீற்றுத் தட்டி ஏறியது. கிண்ணங்கள் போவதும் வருவதும் நின்றது. எதிரே பார்த்தால் அவள் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு குனிந்து போனாள். நான் அதைக் குற்றமுள்ளவளின் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். பொங்கலுக்கு வந்த மகள், "என்னாப்பா, பக்கத்து வூட்டு அத்த வரவே இல்ல?" என்று கேட்டதற்கு, "அவங்கவங்க வேல அவங்கவங்களுக்கு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவிக்குக் காய்ச்சல். கஞ்சி வைக்கலாம் என்று நானே அடுப்படியில் நின்றேன். உப்பு வைக்கிற ஜாடி எங்கள் கம்பெனியில் ஓரம் நெளிந்துபோய் ஒதுக்கிய ஜாடி. நல்ல ஆழம். கல்லுப்பு அடிவரை இறங்கியிருந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினேன். விரலில் காகிதம் தட்டுப்பட்டது.

நான்காக மடித்த ஜாக்கெட் அளவுச் சீட்டு. உப்பு நீரில் ஊறிக் காய்ந்து மொறமொறவென்றிருந்தது. பிரித்தேன். உள்ளே இரண்டு சிவப்புக்கல் தோடு. சீட்டின் பின்புறம் அவள் கையெழுத்து: "தோடு உப்பு ஜாடியில். மறக்கக் கூடாது."

அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. மறக்காமல் இருப்பதற்காக எழுதியிருக்கிறாள். எழுதிய சீட்டில் தோட்டையே சுற்றி ஜாடிக்குள் போட்டிருக்கிறாள். பிறகு எதுவுமே நினைவில்லாமல் என் பக்கத்தில் வந்து நின்று, திருடிக்கொண்டு போனாள், திரும்பிப் பார்த்துச் சிரித்தாள் என்று சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணுக்கு அது நடந்திருக்கிறது. கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்ததை நானும் பார்க்கவில்லை.

மிஷினின் இழுப்பறையைத் திறந்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் நான் அதைத் திறந்ததே இல்லை. சாக்குக்கட்டி, பாபின், ஊக்கு. அவற்றுக்கு அடியில் ஒரு கட்டுச் சீட்டு, ரப்பர் பேண்ட் போட்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"அவர் இரண்டரைக்கு வருவார். சோறு போட்டதும் கோடு போடு. கோடு இருந்தால் கேட்காதே." அதன் கீழே வரிசை வரிசையாகப் பென்சில் கோடுகள்.

"ஸ்டவ். ஸ்டவ். ஸ்டவ்."

"மூன்று முடிந்தால் நான்கு."

"கத்தரிக்கோல்" என்று ஒரு சீட்டு முழுக்க, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு எழுதுகிற மாதிரி.

கடைசிச் சீட்டில் பெயர்கள். மகளின் பெயர், மருமகனின் பெயர், பேத்தியின் பெயர். எல்லாவற்றுக்கும் கீழே என் பெயர். அதன் பக்கத்தில், "வீட்டுக்காரர்" என்று எழுதியிருந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள் அறையில் அவள் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக இந்த வீட்டுக்குள் அவள் தனியாக ஒரு சண்டை போட்டிருக்கிறாள். நான் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்திருக்கிறேன்.

தோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். செருப்புப் போட்டேனா என்று நினைவில்லை. அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவள் தோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"உப்பு ஜாடில. அவளே வெச்சிருக்கா. சீட்டு எழுதி வெச்சிருக்கா."

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "அக்காவுக்கு ரொம்ப அதிகமாயிடுச்சாண்ணே?" என்று கேட்டாள்.

அதிகமாயிடுச்சா. எனக்கு அந்த வார்த்தை அறைந்த மாதிரி இருந்தது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் முற்றத்தில் உட்கார்ந்தாள். நானும் படியில் உட்கார்ந்தேன். அவள் சொன்னாள்.

"போன வருஷம் மழைக்கு முன்னாடிண்ணே. கடைக்குப் போயிட்டு வர்றேன், அக்கா இங்க தெருவுல நிக்குது. கையில பை. உங்க கேட்டுக்கு நேரா நின்னுகிட்டு, எங்க வூடு எதுன்னு என்னக் கேக்குது. வெளையாட்டுக்குக் கேக்குதுன்னு நெனச்சு நான் சிரிச்சேன். அக்கா சிரிக்கல. ஒடம்பு அப்பிடியே ஒதறுது. கையப் புடிச்சு உள்ள கூட்டிகிட்டு வந்து தண்ணி குடுத்தேன். அப்புறம் தெளிஞ்சுடுச்சு. என் கையப் புடிச்சுகிட்டு, அவருகிட்ட சொல்லாத, சத்தியம் பண்ணுன்னு கேட்டுச்சு. பண்ணிட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"எம் பொண்ணு நிக்காவுக்கு அக்காதான ஜாக்கெட் தெச்சுச்சு? ரெண்டு கையும் ஒரே பக்கத்துக் கையா வெட்டியிருந்துச்சு. போட முடியல. கடைத்தெருவுல வேற துணி எடுத்து தெச்சுப் போட்டோம். கலியாணத்துல அக்கா பாத்துட்டு, நான் தெச்சது நல்லா இருக்குதா பாருன்னு சொல்லிச்சு. நல்லா இருக்குதுக்கான்னேன்."

எனக்கு அந்தக் கலியாணம் நினைவிருந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன்.

"நான் வந்து தோட்டக் கேட்டனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே? உம் மேல பழி வந்துச்சே?"

"சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்கு முன்ன வாரம் பால் பொங்கினதுக்கு நீங்க கத்துனது இங்க கேட்டுச்சு. இதயும் சொன்னா அக்காவ என்னா பண்ணுவீங்களோன்னு பயமா இருந்துச்சு." பிறகு சொன்னாள்: "நீங்க ஒருத்தருதான கேட்டீங்க. ஊரு கேக்கலியே. தாங்கிக்கலாம்னு நெனச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன், என்ன சொன்னேன் என்பதெல்லாம் மங்கலாக இருக்கிறது. அவள் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "மொதல்ல அக்காவப் போய்ப் பாருங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் தோட்டை அவள் மடியில் வைத்தேன். அவள் அதை உற்றுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"திட்டாதீங்க" என்றாள்.

நான் அவளை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. அதை வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவன். அந்தக் குறுகிய தோளைப் பார்த்த பிறகு அந்தப் பெருமையை யாரிடமும் சொன்னதில்லை.

"திட்டல" என்றேன். "திட்டமாட்டேன்."

"எனக்கு என்னமோ ஆவுதுங்க. தலைக்குள்ள ஏதோ ஒழுவிகிட்டே இருக்குது. சொன்னா என்னைக் கொண்டுபோய் எங்கயாச்சும் வுட்டுடுவீங்களோன்னு..."

முடிக்கவில்லை. நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்கு அழுவுறீங்க?" என்று கேட்டாள். உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். நிதானமாகப் பேசினார். இன்று என்ன கிழமை, இது என்ன மாதம் என்று கேட்டார். "அதெல்லாம் இவரு பாத்துப்பாருங்க" என்று என் மனைவி மரியாதையாகச் சொன்னாள். மூன்று பொருள்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். "என்னா பொருளு?" என்றாள். ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாகப் போட்டாள். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுகிற கை அல்லவா. பிறகு எண்களை எழுதினாள். பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நின்றன. மறு பக்கம் வெறுமையாக இருந்தது. பென்சிலை வைத்துவிட்டு, சரியா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். மூளை சுருங்குகிற நோய். இந்த வயதில் வருவது குறைவு, ஆனால் வரும். திருப்புவதற்கு மருந்து இல்லை. "எதிர்த்துப் பேசாதீங்க. அவங்க சொல்றது தப்புன்னு நிரூபிக்கப் பாக்காதீங்க. பயப்படாம வெச்சுக்குங்க, அதுதான் வைத்தியம்" என்றார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். பக்கத்து வீட்டில் கேட்டுச் சொல்லட்டுமா என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், "டாக்டரம்மா என்னா சொன்னாங்க?" என்றாள்.

"பலவீனமாம்."

"பொய் சொல்றீங்க" என்றாள். சிரித்தாள். இந்த முறை அது பழைய, அசலான சிரிப்பு.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் மதில் மேல் தட்டி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மனைவி அவளைப் பார்த்து முகம் மலர்ந்து, "இத்தினி நாளா எங்கடி போயிருந்த?" என்றாள். அவளுக்கு அந்தத் தோடு விவகாரத்தில் ஒரு சொல்கூட நினைவில்லை.

"ஊருக்குப் போயிருந்தேன்க்கா."

"சொல்லிட்டுப் போவ மாட்டியா?"

"தப்புதான்க்கா" என்றாள் அவள்.

வேலையை விட்டுவிட்டேன். மகள் வந்தாள், என்னோடு சண்டை போட்டாள், அழுதாள், ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். என் மனைவியை நானே பார்த்துக்கொள்வேன். நான் வெளியே போக வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்காருவாள். மிஷினில் துணி இல்லாமலேயே என் மனைவி மிதித்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி அருகில் உட்கார்ந்து, "இந்தக் கழுத்து நல்லா வந்திருக்குதுக்கா" என்பாள். டாக்டர் சொன்னதை என்னைவிட அவள் நன்றாகச் செய்தாள்.

நான்காவது வருஷம் ஒரு மத்தியானம், கடைக்குப் போய்விட்டு வந்தேன். என் மனைவி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மேஸ்திரி, உக்காருங்க. அவரு இப்ப வந்துடுவாரு" என்றாள். கம்பெனி ஆட்கள் என்னைக் கூப்பிடுகிற பெயர் அது. அதிர்ச்சி எல்லாம் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். பழகவில்லை. நான் உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நல்லவரா என்று ஏனோ கேட்டேன். அவள் யோசித்தாள்.

"கொஞ்சம் கோவம் வரும்" என்றாள். "இப்ப இல்ல."

ஆறாவது வருஷம் நிமோனியா வந்து இறந்துபோனாள். அடக்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியும் கல்லறைத் தோட்டத்து வாசல் வரை வந்து நின்றாள். அடுத்த வருஷம் அவள் புருஷன் சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவந்தார். அவர்கள் மங்கலம்பேட்டைக்கே போய்விட்டார்கள்.

ரம்ஜானுக்கு நான் பஸ் ஏறிப் போவேன். அவர்கள் வீட்டு மாடியில் புதிதாகக் கட்டிய அறை, பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அவர் திறந்திருக்கிற டயர் கடை என்று பேச்சு போகும். அந்த மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் நான் கேட்டதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "போயிட்டு வாங்கண்ணே" என்பாள். நானும் போயிட்டு வரேம்மா என்பேன்.